இரவல் வண்டி

“ஏனுங்க தம்பி, வண்டிச் சாவியைக் கொஞ்சம் குடுங்க.”

விடிந்தும் விடியாததுமாக வாசலில் கோவிந்தராஜுலு நின்றார். பின்தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். கோயமுத்தூரில் ஒரு மில்லில் குமாஸ்தா.

தம்பிதுரைக்கு யாரிடமும் இல்லையென்று சொல்ல வராது.

“அதுக்கென்னங்க, எடுத்துட்டுப் போங்க” என்று மொபெட் சாவியைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மனைவி மாரியாத்தாள் பொரிந்து தள்ளினாள். “வண்டியைக் குடுத்துப்போட்டீங்களா? நீங்க எதுல போவீங்க?”

“நடந்து போயிக்கறேன் அம்மணி. ஊடு தேடி வந்து கேக்கறவருகிட்ட எப்படி மாட்டேங்கறது?”

சொல்லிவிட்டாரே தவிர, அவருடைய தறி குடோன் கருமத்தம்பட்டிக்கு வெளியே, தோட்டங்காட்டுக்குள் இருந்தது. தம்பிதுரைக்கோ நூற்றுப்பத்து கிலோ உடம்பு. அவர் ஏறி உட்கார்ந்தால் மொபெட் டயரே அமுங்கிப்போகும். வேர்த்து விறுவிறுத்து, நின்று நின்று போய்ச் சேர்ந்தார். ‘என்ன மனுஷனோ, கூச்சநாச்சமே இல்லை’ என்று வழி நெடுக மனசுக்குள் திட்டு.

மறுநாளும் கோவிந்தராஜுலு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பொழுது சாய வண்டி திரும்பி வரும், விடிந்தால் போய்விடும்.

“பேசாம இன்னொரு வண்டி வாங்கிப்போடுங்க” என்றாள் மாரியாத்தாள்.

“அதையும் கேட்டார்னா?”



வருஷம் ஒன்று ஓடியது. நடை பழகிவிட்டது, மூச்சு வாங்குவதும் நின்றுபோனது. சட்டைகளையெல்லாம் மாரியாத்தாள் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். இப்படி இளைத்துவிட்டாரே என்று கேட்டவர்களிடம், “எல்லாம் அந்தப் பின்தெருக்காரர் பண்ற வேலைங்க” என்று புலம்பினாள்.

ஐப்பசி மழையில் தம்பிதுரைக்குக் காய்ச்சல் கண்டது. வெறும் சளி என்று இருந்தது நெஞ்சுக்குள் இறங்கி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது. மாரியாத்தாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கேட்டார். “முந்தி உங்க எடை எவ்வளவுங்க?”

“நூத்திப்பத்துங்க.”

“அந்த உடம்போட இந்த நிமோனியா வந்திருந்தா, நாங்க என்ன பண்ணியும் கஷ்டமுங்க. அத்தனை கனம் மேல அமுத்தினா நுரையீரல் எப்படிங்க விரியும்? எளைச்சீங்களே, அது பெரிய புண்ணியம்.”

மாரியாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அந்த மனுஷனை என்னென்ன பேசிப்போட்டேன்! அவருக்கே தெரியாம உங்களைக் காப்பாத்திப்போட்டாருங்க.”

உடம்பு தேறியதும் இருவருமாகப் பின்தெருவுக்குப் போனார்கள். அந்த வண்டியைக் கோவிந்தராஜுலுவுக்கே கொடுத்துவிடுவது என்று தம்பிதுரை முடிவு செய்திருந்தார்.

அவர் மில்லுக்குப் போயிருந்தார். அவர் மனைவி ரங்கம்மாள் ஓடி வந்து வரவேற்றாள்.

“வாங்க, வாங்க. உங்களைப் பார்த்ததுக்கப்புறந்தானுங்க உசுரே வந்துச்சு. உங்களுக்கு நெஞ்சுச்சளின்னு கேட்டதுல இருந்து இவருக்குச் சோறே எறங்கலீங்க. எங்க கொழுந்தனார் அதுலதானுங்க போய்ச் சேர்ந்தாரு. உங்களாட்டத்தான், கனத்த உடம்பு. ‘கொஞ்சம் நடடா, எளைச்சாத்தான் நல்லது’ன்னு இவரு சொல்லப்போயி, அவரு கோவிச்சுக்கிட்டுப் பேச்சையே விட்டுப்போட்டாரு. கடைசிவரைக்கும் அண்ணங்காரரோட பேசலீங்க.”

தம்பிதுரை மெதுவாகச் சாவியை எடுத்து நீட்டினார்.

“வண்டியை அவரே வச்சுக்கட்டுமுங்க. மில்லுக்குப் போக வர ஆகும்.”

ரங்கம்மாள் அவரை வினோதமாகப் பார்த்தாள்.

“மில்லுக்கு அவரு பஸ்ஸுலதானுங்க போறாரு. காத்தால உங்க வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து ஊட்டுக்குப் பின்னால நிறுத்துவாரு, சாயங்காலம் தள்ளிக்கிட்டு வந்து உங்ககிட்ட விட்டுருவாரு. எதுக்குன்னு கேட்டா சிரிச்சுப்போட்டுப் போயிருவாரு. அவருக்குத்தான் வண்டி ஓட்டவே தெரியாதுங்களே!”