வண்டிக்கடியில் ஆள்

வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தவளுக்கு முதலில் தெரிந்தது செருப்புதான்.

அப்பாவின் நீலச் செருப்பு.

டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு எப்போது கராஜுக்குள் வந்தார் என்று தெரியவில்லை.

பின்சக்கரங்கள் இரண்டையும் கழற்றியாகிவிட்டது. அந்தப் பெரிய வண்டியின் பின்பாதி இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. அவள் முகத்துக்கு நேர் மேலே அச்சு.

பழைய ஷாக் அப்சார்பர்கள் தேய்ந்து கசிந்துவிட்டன. காந்தத்தால் இறுகித் தளர்கிற ஏதோ எண்ணெய் அவற்றுக்குள். அது போனதும் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் படகுபோல் ஆடியது. போன வாரம் மருத்துவமனைக்குப் போகிற வழியில் அப்பா கதவைப் பற்றிக்கொண்டு, கவிழுது, கவிழுது என்று அழுதார். மறதி முற்றியபின் அவர் அழுது அவள் பார்த்தது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் புது ஷாக் அப்சார்பர்களுக்குச் சொல்லிவிட்டாள்.

ஒன்றை மாற்றிவிட்டாள். மற்றதில் மேல் போல்ட்டை மட்டும் கழற்றியிருந்தாள்.

செருப்பு நகர்ந்தது.

வலப்பக்கக் கதவு திறந்தது. வண்டியின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வலப்பக்கம் ஸ்டியரிங் கிடையாது. இது ஹூஸ்டன். வேலைக்காலம் முழுவதும் போடிமெட்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டிய அப்பா சீனிச்சாமிக்கு இந்த ஊர் வண்டியில் எந்தப் பக்கம் ஏறுவது என்பது பழகவே இல்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். இறங்கி உள்ளே போய்விடுவார்.

இறங்கினார்.

செருப்பு முன்பக்கமாகச் சுற்றியது. இடப்பக்கம் வந்து நின்றது.

கதவு திறந்தது.

சாவி தன்னிடம் இருக்கிறது என்று நினைத்தாள். பேன்ட் பையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

மறுகணம்தான் நினைவு வந்தது. இந்த வண்டிக்குச் சாவியைப் போட்டுத் திருக வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தாலே போதும். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும். பிரேக்கில் கால் வைக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எஞ்சின் உறுமியது.

தாங்கிகள் அதிர்ந்தன. மேலிருந்து தூசி கண்ணில் கொட்டியது. வெளியே நழுவப் பார்த்தாள். சாய்ந்து தொங்கிய ஷாக் அப்சார்பரில் அவள் சட்டைக் கை மாட்டிக்கொண்டிருந்தது. இழுக்கப் பயந்தாள். இழுத்து வண்டி ஆடிவிட்டால்?

முன்னால் வைப்பர் உலர்ந்த கண்ணாடியில் கீச்சிட்டது. கியரைத் தேடுகிறவர் வைப்பரைத் தட்டிவிட்டார்.

"அப்பா."

எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

"அப்பா, வேணாம்ப்பா. நான் கீழ இருக்கேன்."

காலையிலிருந்தே அவளை யாரோபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி கொடுத்தபோது, நல்லாருப்பம்மா என்று கும்பிட்டார்.

வைப்பர் நின்றது.

கியர் விழுகிற சத்தம் தரை வழியாக அவள் முதுகுக்கு வந்தது.

முன்சக்கரங்களும் இழுக்கிற வண்டி. அவை தரையில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு முட்டுக்கொடுத்த மரக்கட்டைகள் எவ்வளவு தாங்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி நகரும். வண்டி நகர்ந்தால் தாங்கிகள் சாயும்.

ஒரு தாங்கியின் கால் சிமென்ட்டில் கிரீச்சென்று உரசியது.

அவள் கத்தினாள். பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர் போடுகிற சத்தம். அப்படி ஒரு குரல் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

"ஹோல்டான். ஹோல்டான் டிரைவரே. வண்டிக்கடியில ஆள் இருக்கு."

வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது.

நின்றது.

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சட்டை கிழிய இழுத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி ஊன்றி வெளியே வந்தாள். வண்டியைத் தொடப் பயந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே முன்கதவுவரை போனாள்.

சீனிச்சாமி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். வலது தொடை வெடவெடத்தது. கண்கள் பக்கத்துக் கண்ணாடியை விட்டு அகலவில்லை.

"கீழருந்து ஒரு பொண்ணு சத்தம் குடுத்துச்சும்மா," என்றார். "வெளிய வந்துருச்சா?"

"வந்துட்டா."

"அடி கிடி பட்டுச்சா?"

"ஒண்ணும் படல."

குறுக்கே கை நீட்டிக் கியரை ‘பார்க்’ நிலைக்குத் தள்ளினாள். பொத்தானை அமுக்கினாள். சத்தம் அடங்கியது. கராஜ் முழுக்கப் புகை வாடை.

அவர் நீளமாக மூச்சு விட்டார். அதன் பிறகுதான் கோபம் வந்தது.

"பொம்பளப் புள்ளய வண்டிக்கடியில படுக்க விட்டுட்டு, அவ அப்பன் எங்க போய்த் தொலைஞ்சான்?"



அவர் கால் இன்னும் பிரேக்கை முழுசாக மிதித்தபடி இருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். எலும்பாக இருந்தது. அசைக்க முடியவில்லை.

"போதும். எடுத்துருங்க," என்றாள்.

"இரும்மா," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே. "அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும்."