ஊட்டு மறந்த கிளி

“வயிறு காந்துது. அந்தக் குஞ்சுக்கு இன்னும் எத்தினி வாய்தான் ஊட்டுவே?” என்று கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டான் பரசுராமன்.

“இருங்க, முடிஞ்சிடுச்சு. அடுத்தது நீங்கதான்” என்றாள் அவன் மனைவி சாவித்திரி.

பொட்டுக்கடலை மாவை வெந்நீரில் குழைத்து, விரலில் வழித்து, கிளிக்குஞ்சின் அலகுக்குள் வைத்தாள். குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி விழுங்கியது. சேவூர்ப் பக்கம் பனைமரம் வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சு அது. இறக்கை வந்துவிட்டது, வாலும் நீண்டுவிட்டது. ஆனாலும் விரல் வந்தால்தான் வாயைத் திறக்கும்.

“காலையில கண்ணு முழிச்சதும் அதுகிட்டதான் ஓடறே. நான் கூப்ட்டா மட்டும் ‘இருங்க, இருங்க’ங்கறே.”

“குஞ்சுகிட்ட போய் இன்னா போட்டி உங்களுக்கு?”

“போட்டிதான். அது கத்தினா தறியை அப்படியே வுட்டுட்டு எந்திரிக்கறே. புடவையை நெஞ்சு முடிச்சு எப்ப தறியிலேர்ந்து அறுக்கறது? முகூர்த்தம் வந்துகினே இருக்குது. பேஜாரா போச்சு இந்தக் கிளியால.”

இன்று மத்தியானத்துக்குள் குஞ்சு தானாகத் தின்னாவிட்டால் அடுத்த வீட்டுத் தசரதனிடம் கொடுத்துவிடுவது என்று முந்தின நாளே பேச்சாகியிருந்தது. வந்தவாசியில் இருக்கும் தசரதனின் மச்சானுக்குக் கிளி என்றால் உயிர். குஞ்சு போய்விட்டால், அவளைப் பார்த்ததும் சந்தோஷப்பட அந்த வீட்டில் எதுவும் இருக்காது. அது சாவித்திரிக்குத் தெரியும்.

வெயில் ஏறியதும், ஊறவைத்த தினையைக் கொட்டாங்கச்சியில் போட்டுக் குஞ்சின் முன்னால் வைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் குஞ்சு கத்த ஆரம்பித்தது. கொட்டாங்கச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“போய் ஊட்டேன். இப்ப மட்டும் காது கேக்கலியா?” என்றான் பரசுராமன்.

“கேக்காத மாதிரிதான் இருக்கணும். பசி தாங்காம அதுவே கொத்தும்.”

“கொத்தாது. ஊட்டியே பழகின வாய் அது.”

“எல்லாம் தானா துன்னக் கத்துக்கும்.”

“எல்லாமா?”

சாவித்திரி தறியில் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினாள்.

தசரதன் வாசலில் வந்து நின்றான். “இன்னா அண்ணி, கிளியை எடுத்துகினு போலாமா? மூணு மணிக்கு பஸ்ஸு.”

“பொழுது இருக்குது தம்பி. அப்புறம் வா.”

“பொழுதுமில்ல ஒண்ணுமில்ல. இப்பவே எடுத்துகினு போடா” என்றான் பரசுராமன்.

“கிளி இன்னா உனக்குச் சக்களத்தியா அண்ணே? இப்படி கரிச்சுக் கொட்றே.”

பரசுராமன் சிரிக்கவில்லை. தசரதன் மெல்ல நழுவினான்.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். சாவித்திரி டின்னை எடுத்தாள். “ஜல்தியா வந்துடறேன். வந்து சோறு போடறேன். அது எவ்ளோ கத்தினாலும் கண்டுக்காதீங்க.”

அவள் போனபின் குஞ்சு கத்தி ஓய்ந்தது. கொட்டாங்கச்சியைச் சுற்றி வந்தது. கழுத்தை நீட்டி ஒரு தினையை அலகில் எடுத்து, கீழே போட்டது. மறுபடி ஒன்றை எடுத்து உருட்டியது. உமி பிரிந்து விழுந்தது. மணி உள்ளே போயிற்று.

பரசுராமன் கட்டிலை விட்டு எழுந்தான். போய்க் கொட்டாங்கச்சியை எட்டி உதைத்தான். தினை வீடு முழுக்கச் சிதறியது.

“துன்னாதே. அவ வந்து ஊட்டுவா. அப்ப துன்னு” என்றான்.

மிரண்டு மூலைக்கு ஓடிய குஞ்சு, கொஞ்ச நேரம் பொறுத்து வெளியே வந்தது. தரையில் கிடந்த ஒரு தினையைக் கொத்தியது. அப்புறம் பக்கத்தில் கிடந்ததை. சாவித்திரி டின்னோடு வாசலுக்கு வந்தபோது, குஞ்சு வீடு பூராவும் தத்தித் தத்திப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

குப்புறக் கிடந்த கொட்டாங்கச்சியை அவள் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“நீங்கதானே எட்டி உதைச்சீங்க?”

அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

“நல்லதாப் போச்சு. தரையில கிடந்தாத்தான் அதுக்குத் தீனின்னு தெரியுது போல. நானும் கொட்டாங்கச்சியில வெச்சு வெச்சுப் பாத்துகினு இருந்தேன்.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தசரதன் தம்பி வந்தா பஸ்ஸுக்குப் போகச் சொல்லிடுங்க. கிளி இங்கதான் இருக்கும்.”

“அதுக்குக்கூட தானா துன்ன வந்துடுச்சு” என்றான் பரசுராமன்.

சாவித்திரியின் சிரிப்பு நின்றது. கையைக் கழுவினாள். தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறந்தான்.

போன வருஷம் சாயம் போடும்போது அவள் பிடித்திருந்த கோலிலிருந்து பட்டுநூல் கட்டு, அந்தச் சிட்டம், நழுவிக் கொதிக்கிற தொட்டியில் விழ, நூல் பாழாகிவிடுமே என்று இரண்டு கைகளையும் உள்ளே விட்டு எடுத்தவன் அவன். வெந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. அந்த இரண்டு கைகளும் அவள் அவனுக்குப் பட்ட கடன், இன்னும் தீரவில்லை.