சாயத்தின் அடியில்

தோழர்களே, இந்த அநியாயத்தைக் கேளுங்கள்! ஒரு பெண்ணை மோதிக் கொன்ற மோட்டார் காருக்குப் பச்சைச் சாயம் பூசி, பழுதற்றதென்று எனக்கு விற்றுவிட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுக்குவது மூடவழக்கமென்று, நசுக்காமலே ஓட்டினேன்.

நேற்று தண்ணீர்மலை இறக்கத்தில் பிரேக் கம்பி அறுந்தது. எதிரே, பள்ளி விட்டு வந்த என் மகள் அமிர்தம் திகைத்து நின்றாள். அவளுக்கு ஒரு முழம் முன்னால் கார் தானாக நின்றது.

மெக்கானிக் மஸ்தான் சாயத்தைச் சுரண்டினார். நெளிந்த தகடு தெரிந்தது.

"அண்ணே, இது அந்தக் காடிதான்லா! இதே இறக்கத்துல தோட்டத்துல வேலை செஞ்ச ஒரு அம்மாவை அடிச்சுட்டு நிக்காமப் போச்சு. இப்ப பிரேக்கே இல்லாம நின்னிருக்கு!"

முகப்புப் புழுதியில் இரு உள்ளங்கைகள் பதிந்திருந்தன, எதிரே நின்று தடுத்தவை போல. அமிர்தம் தன் கைகளை வைத்துப் பார்த்தாள்; அவை அவற்றுள் அடங்கிவிட்டன.

தாயே, நன்றி. தோழர்களே, இறந்த அந்த அம்மாவின் பெயரை விசாரித்துத் தாருங்கள். அதைச் சாயத்தின் மேல் எழுதிய பின்பே இந்தக் கார் ஓடும்.