இறக்கிவிட்ட ஷட்டர்

நட்டநடுப் பகலில் ஷட்டரை முழுவதும் இறக்கி, விளக்குகளையும் அணைத்துவிட்டு, கடைக்காரர் சுவரில் ஓர் அருவியைக் காட்டிக்கொண்டிருக்கிறார். புரொஜெக்டரின் விசிறி இரைகிறது. ஒளிக்கற்றையில் தூசி மிதக்கிறது. "கலரைப் பாருங்க சார், தியேட்டரு தோத்துப்போகும்" என்கிறார், பாண்டிமீனாவைத் தாண்டி, அவளுடன் வந்த கணக்கர் சூரியபிரகாஷிடம். வந்ததிலிருந்து எல்லாமே 'சார்'தான். அவனியாபுரத்தில் எண்ணெய்ச் செக்கு இயந்திரம் செய்யும் பட்டறையோ அவளுடையது. போன மாதம், ஜன்னல்கள் நிறைந்த ஓட்டல் அறையில், வாங்க வந்தவர்கள் முன்னால், அவளிடமிருந்த புரொஜெக்டர் காட்டிய படத்தில் அவளுடைய இயந்திரம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துத் தெரிந்தது; அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். அந்தப் புரொஜெக்டரையும் இப்படி இருட்டில் காட்டித்தான் விற்றிருந்தார்கள். "லைட்டப் போட்டுக் காட்டுங்கண்ணே" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். "இருட்டுலதான் சார் தெளிவு தெரியும்." சூரியபிரகாஷ் நெளிகிறான். "ஓனர் அவுகதாண்ணே. மீட்டிங்குல பேசப்போறதும் அவுகதான்." "அப்படியா மேடம்! வீட்டுல சீரியல் பாக்கவும் அம்சமா இருக்கும்." பாண்டிமீனாவுக்குக் காது மடல்வரை கொதிக்கிறது. எழுந்து போய், குனிந்து, ஷட்டரை ஒரே மூச்சில் மேலே தள்ளுகிறாள். தகரம் தடதடவென்று அலற, தெருவின் வெயிலும் ஷேர் ஆட்டோவின் ஹாரனும் ஒன்றாக உள்ளே பாய்கின்றன. அருவி இருந்த இடத்தில் வெறும் சுவர். அதை நோக்கிக் கடைக்காரரின் விரல் மட்டும் இன்னும் நீண்டிருக்கிறது. நாற்காலியைச் சுவருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "இப்பக் காட்டுங்கண்ணே. எனக்குக் காட்டுங்க."