தாழ்ப்பாள் ஆராய்ச்சி

"ஒண்ணரைப் பக்கம்!"

பேராசிரியர் அந்தக் காகிதத்தைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் நுனியில் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"மத்தவங்க எல்லாம் எண்பது பக்கம், நூறு பக்கம்னு பைண்ட் பண்ணிக் கொண்டாந்து அடுக்கியிருக்காங்க. உனக்கு மட்டும் ஒண்ணரைப் பக்கம் போதுமாம்மா?"

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசி வருடம். இந்தச் சமூகப் பணித் திட்டத்தில் தேறினால்தான் பட்டம். பட்டத்தைக் காட்டினால்தான் அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கும் வேலை.

"மூணு மாசம் அந்தச் சங்கத்துக்குப் போனியே, என்னதான் பண்ணினே?"

"தாழ்ப்பாள் போட்டேன் சார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைப் பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கம் அது. நாற்பது பேர், ஒரு கூடம், ஒரு கழிவறை. கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை சத்தமாகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் எழுதாத சட்டம். குரல் வளம் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டார்கள்.

பதினோரு வருடங்களாகப் பேராசிரியர் அங்கே மாணவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். பதினோரு அறிக்கைகளிலும் 'உறுப்பினர்களின் தேவைகள்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரியே தாழ்ப்பாள்தான். ஒரு வருடம் அதை வண்ண வரைபடமாகப் போட்டிருந்தார்கள். இன்னொரு வருடம், தாழ்ப்பாள் இல்லாமை பெண்களின் தன்னம்பிக்கையை எப்படிக் குலைக்கிறது என்று பதினெட்டுப் பக்கம். அதையெல்லாம் திரட்டிப் பேராசிரியர் மூன்று வெளிநாடுகளில் கட்டுரை வாசித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் தங்கிய அறைகளில் தாழ்ப்பாள் நன்றாகவே இருந்தது.

"சரி, தாழ்ப்பாள் போட்டே. நான் கொடுத்த கேள்வித்தாள் என்னாச்சு?"

"முதல் நாளே எடுத்துக்கிட்டுப் போனேன் சார். சங்கத் தலைவியக்கா, 'எண்பத்து நாலு கேள்விதானே? போன வருஷப் பதிலே இருக்கு, பாத்து எழுதிக்கம்மா'ன்னு ஒரு ஃபைலைக் கையில கொடுத்துட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நேரா கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் வாங்கிட்டு வந்து மாட்டிட்டேன். பத்து நிமிஷ வேலை. மிச்ச நாளெல்லாம் அக்காங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன்."

"நல்ல காரியம்தானே சார்? பாஸ் போட்டுடலாமே?" என்றார் துணைப் பேராசிரியை.

"எந்தக் கட்டத்துல போடறது மேடம்?" பேராசிரியர் மதிப்பெண் தாளை அவர் பக்கம் தள்ளினார். "தேவையைக் கண்டறிதல், முப்பது. தகவலை அலசுதல், முப்பது. பரிந்துரை, நாற்பது. தேவையைத் தீர்த்து வைத்தல்னு கட்டமே இல்லையே!"

துணைப் பேராசிரியை தாளைத் திருப்பியும் பார்த்தார். இல்லை.

"அதுகூடப் போகட்டும். பதினோரு வருஷத் தொடர் ஆய்வு மேடம் இது! தேவையே இல்லேன்னா அடுத்த வருஷப் பசங்க எதை ஆராய்ச்சி பண்ணுவாங்க?" மாணவியிடம் திரும்பினார். "ஒரு வாரம் டைம் தரேன். முறையா எழுதிக் கொண்டா. இல்லேன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

"தேவைதான் தீர்ந்துபோச்சே சார்..."

"அது உன் பிரச்சினை."

அன்று சாயங்காலம் சங்கத்துக் கூடத்தில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையில் வந்திருந்த பெண்கள் எல்லாருமே கலங்கிப் போனார்கள். வேலை போய்விடுமே என்ற பயத்தை அவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மேஜைமேல் கனமான அறிக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. தொண்ணூற்றிரண்டு பக்கம். பேராசிரியர் கையில் தூக்கி எடை பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது ஆராய்ச்சி!"

முதல் பக்கத்தைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா இது? முதல் தேவை தாழ்ப்பாள்னு போட்டிருக்கே? அதான் மாட்டிட்டேன்னு சொன்னியே. பொய்த் தகவலா? ஆராய்ச்சியில பொய் எழுதினா நான் சும்மா விடமாட்டேன், தெரியுமில்ல?"

மாணவிக்குக் கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றிருந்த சங்கத் தலைவிதான் முன்னால் வந்தார். காலையில் மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தார். புடவைத் தலைப்பு இன்னும் ஈரமாக இருந்தது.

"பாப்பா மேல கோவப்படாதீங்க சார். வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லிச்சு. நாங்கதான் கேக்கலை."

கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். ஒரு தாழ்ப்பாள், நாலு திருகாணி.

"கழட்டியாச்சு சார். மொதல்ல இந்தப் புள்ளைக்கு மார்க்கைப் போடுங்க, நாங்க போய் மாட்டிக்கிறோம். அடுத்த வருஷம் ஆள் அனுப்புறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, மறுபடியும் கழட்டி வெச்சிடறோம்."