பிரீமியம் மட்டும்

கார் வாங்க வந்த ஆறாவது ஆளும் வந்த வழியே போய்விட்டான். தம்பிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏன்க்கா, அவன் சொன்னதுல என்ன தப்பு? டர்போ இல்லாத வண்டிக்கு பிரீமியம் பெட்ரோல் தண்டம்னான். உள்ளதைத்தானே சொன்னான்!”

“சொன்னான். எனக்கு வண்டியை அவன்கிட்ட குடுக்க மனசில்ல. விடு.”

வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒரே கேள்விதான். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காட்டுவாள். மூடியின் உட்புறம் கணவர் தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கும்: ‘பிரீமியம் மட்டும்’. “இந்தப் பெட்ரோல் ஊத்தினதால இந்த வண்டிக்கு ஏதாவது நன்மை உண்டா?” என்று கேட்பாள். வந்தவர்கள் சிரிக்காத குறைதான்.

“அந்தப் பெட்ரோல் அழுத்தம் கூடின இன்ஜினுக்குக்கா. அதுல பெட்ரோல் முந்திக்கிட்டுப் பத்திக்கக் கூடாதுன்னு ஊத்தறது. இந்தக் கிழட்டு வண்டிக்கு அதை ஊத்தினா, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? மாமாகிட்டயே நூறு தடவை சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிடுவார்.”

அந்தப் பெட்ரோல் கிடைப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரே ஒரு பங்க்கில். பதினெட்டு வருஷம், ஞாயிறு தவறாமல், காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் திரும்புவார். வாங்கிய பெட்ரோலில் கால்வாசி போய்வரவே தீர்ந்துவிடும். ஏன் இவ்வளவு நேரம் என்றால், “பங்க்ல கூட்டம்” என்பார். அவளும் நம்பினாள்.

மனுஷன் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் போகவில்லை. சரியாக ஏழு மணிக்குக் கொட்டகைக்குள் இன்ஜின் உறுமும் சத்தம் அவளுக்குக் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி தூசி படிந்து நிற்கும். தொட்டால் சில்லென்று இருக்கும்.

உள்ளே ஏறினால் அவர் முதுகுக்குக் குழிந்த இருக்கை அப்படியே இருக்கிறது. “நீங்க எதுக்கு அவ்வளவு தூரம் போனீங்க?” என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். இதற்குப் பதில் கிடைக்காதவரை அவர் இந்தக் கொட்டகையை விட்டுப் போகமாட்டார் என்று அவளுக்குப் பயம்.

“சரி, விக்கறதுன்னு முடிவு பண்ணிட்ட. விளம்பரச் சீட்டை நம்ம ஊர்ல ஒட்டாம, அவ்வளவு தூரத்துல, அந்தப் பங்க்ல மட்டும் ஏன்க்கா ஒட்டச் சொன்ன?” தம்பிக்காரன் விடுவதாக இல்லை.

“அங்கதான் இந்த வண்டியைத் தெரிஞ்சவங்க இருக்காங்க.”

“ஆமா, தெரிஞ்சுதான் ஆறு பேரும் ஓடினானுங்க.”

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அதுவே என்னவோ போல இருந்தது. பதினொரு மணிக்கு ஏழாவது ஆள் வந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நகக்கண்ணெல்லாம் கிரீஸ், பட்டறையில் வேலை என்றான்.

வண்டி வாங்க வருகிறவர்கள் நேராக ஓட்டுகிற இருக்கையில்தான் ஏறுவார்கள். இவன் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். முரண்டு பிடிக்கும் அந்தக் கதவுக் கண்ணாடியை ஒரு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, மறு கையால் கைப்பிடியைச் சுற்றினான். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“பாத்தியாக்கா, தொழில்காரன் கை! நமக்கு என்னைக்காவது இறங்கியிருக்கா?” தம்பிக்காரன் பூரித்துப் போனான்.

அவள் டேங்க் மூடியைத் திறந்து காட்டி அதே கேள்வியைக் கேட்டாள்.

இளைஞன் இறங்கி வந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தான். சீட்டில் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தான். தூசி போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“நன்மைதாம்மா,” என்றான் கடைசியில். “இன்ஜின் சுத்தமா இருக்கும். வண்டி நாள்பட உழைக்கும். சார் அவ்வளவு தூரம் வந்து போட்டது வீண் போகல.”

“ஏம்ப்பா, பட்டறையில இருந்துக்கிட்டு இப்படிக் காதுல பூ சுத்தறியே!” தம்பிக்காரன் எகிறினான். “வண்டி வேணும்னா வேணும்னு கேளு. அதுக்காக இப்படியா?”

“நீ சும்மா இருடா.”

சாவு வீட்டில்கூட அழாதவள், டேங்க் மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இளைஞன் பதறிவிட்டான். “நெஜமாத்தாம்மா சொல்றேன். சார் பொய் சொல்ற ஆள்...” என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

தம்பிக்காரனுக்கும் மனசு இளகிவிட்டது. பாவம், அக்கா இத்தனை நாள் இந்த ஒரு பொய்க்காகத்தான் காத்திருந்தாள் போல; நிம்மதியாக இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டிச் சாவியை எடுத்து, இளைஞனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

“ஆறு பேர் உள்ளதைச் சொன்னாங்க தம்பி. அவரைக் காப்பாத்தணும்னு பொய் சொன்னது நீ ஒருத்தன்தான்.”

அவன் கையை உருவப் பார்த்தான். அவள் கையை எடுக்கவில்லை.

“உங்கம்மா நல்லா இருக்காங்களா?”