வட துருவத்தில் நின்ற வண்டி

மத்தியானங்களில் வத்சலா எங்கே போகிறாள் என்று எனக்குச் சந்தேகம். மனைவியிடம் கேட்கத் தைரியம் வேண்டுமே! அவள் கைபேசியின் இருப்பிடத் தரவைத் திருட்டுத்தனமாக எடுத்து, டெலிவரி வண்டியுடையது என்று புளுகி, ஆபீசில் தரவு அலசும் நிரஞ்சனாவிடம் உதவி கேட்டேன். அவள் அதை ஆன்லைன் வரைபடத்தில் ஏற்றினாள்.

"சார், உங்க வண்டி வட துருவத்துக்கிட்ட கடல்ல நிக்குது."

"ஐயோ, குளிருமே!"

"வண்டிக்கா? அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாத்திப் போட்டிருக்கீங்க சார்."

சரிசெய்தாள். புள்ளிகள் எல்லாம் சென்னைக்கு இறங்கி, எங்கள் ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடையில் குவிந்தன.

"மத்தியானமானா இங்கதான் சார் நிக்குது. யாரையோ வேவு பாக்குற மாதிரி."

பக்கத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சிலிருந்து வத்சலா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிரஞ்சனா, நாற்காலிய கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கம்மா" என்றேன்.